ஷார்ட்கட் வச்சுப் படிச்சா மார்க் வருமா? எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டைப் புரட்டினால், ஓரத்தில் மந்திரம் மாதிரி சில எழுத்துகள் இருக்கும். 'பா-ஹு-அ-ஜ-ஷா-ஔ' அப்படி ஒன்று. பாபர், ஹுமாயூன், அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் என முகலாயப் பேரரசர்களின் வரிசைதான் அது. யூடியூபில் இதுபோன்ற ஷார்ட்கட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. இதை நம்பி பரீட்சை ஹாலுக்குப் போகலாமா?

ஏன் மனசுல நிக்குது?

ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவது ஏறக்குறைய ஏழு விஷயங்கள்தான் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதையும் நான்காகக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் ஆறு பெயரை ஒரே மூட்டையாகக் கட்டினால் மூளைக்குச் சுமை குறைகிறது.

நமக்கு இது புதுசும் இல்லை. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் போகிறது. அடுத்த வரி எந்த எழுத்தில் தொடங்கும் என்று குழந்தைக்கே தெரியும். அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கும்.

காரணம் தேட வேண்டாத தகவல்களுக்கு ஷார்ட்கட்டை அடிச்சுக்க ஆளில்லை. விரலை மடக்கி, மேடு வந்தால் 31 நாள், பள்ளம் வந்தால் 30 (பிப்ரவரி மட்டும் விதிவிலக்கு) என்று எண்ணுகிறோமே, அதற்கு மேல் அதில் புரிந்துகொள்ள எதுவும் தேவையில்லை.

சிக்கல் எங்கே?

முகலாயர் ஷார்ட்கட்டையே எடுத்துக்கொள்வோம். 1540-ல் ஷேர்ஷா சூரியிடம் தோற்ற ஹுமாயூன், 1555-ல்தான் டெல்லியை மீட்டார். நடுவே 15 ஆண்டுகள் சூர் வம்ச ஆட்சி. ரூபியா என்ற வெள்ளி நாணயத்தை வெளியிட்டவர் ஷேர்ஷா. ஆனால் ஆறு எழுத்து ஷார்ட்கட்டில் அவர் இல்லவே இல்லை!

'விப்ஜியார்' கதையும் இதேதான். ஊதாவில் தொடங்கி சிவப்பில் முடியும் என்பது ஞாபகம் இருக்கும். முப்பட்டகத்தில் எந்த நிறம் அதிகம் விலகும் என்று கேட்டால்? அலைநீளம் குறைந்த ஊதாதான் அதிகம் விலகும் என்பதைத் தனியாகப் படித்திருந்தால்தான் விடை வரும். டிஎன்பிஎஸ்சி-யில் கூற்று, காரணம் கேள்விகளில் பலர் கோட்டை விடுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஆய்வு என்ன சொல்கிறது?

ஜான் டன்லோஸ்கி தலைமையிலான குழு 2013-ல் பத்து படிப்பு முறைகளை மதிப்பிட்டது. ஒலி ஒத்த சொல்லையும் படத்தையும் வைத்து மனப்பாடம் செய்யும் முறைக்குக் கிடைத்தது 'பயன் குறைவு' என்ற மதிப்பீடு. முதலிடம் பிடித்தவை இரண்டு: தனக்குத்தானே டெஸ்ட் வைப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது.

ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் நடத்திய சோதனை இன்னும் சுவாரஸ்யம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது.

அப்போ ஷார்ட்கட் வேண்டாமா?

வேண்டும், ஆனால் வெறும் கொக்கியாக. காலையில் 'பா-ஹு-அ-ஜ-ஷா-ஔ' படித்தால், இரவு வெள்ளைத்தாளில் அந்த ஆறு எழுத்தை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டும் ஒரு நிகழ்வும் பார்க்காமல் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. 'ஹு'-வுக்குப் பக்கத்தில் 1540, 1555 என இரண்டு ஆண்டுகள் விழும்போதுதான் நடுவில் இருக்கும் ஷேர்ஷா கண்ணில் படுவார்.