கொல்லைப்புறத்து உயிர்கள் – 17: நொண்டும் சேவல்

நேற்று சாயங்காலம்வரை மதில்மேல் ஏறிக் கூவிய சேவல், விடிந்து பார்த்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாய் கவ்வியிருக்கும், எவனோ கல்லை விட்டெறிந்திருப்பான், கண்ணு பட்டிருக்கும். யாராவது மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்துக் காலில் பூசுவார்கள். பூசட்டும், கெடுதல் இல்லை. அதற்கு முன்னால் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்திய வழியாக, அல்லது உயரத்திலிருந்து கட்டாந்தரையில் குதித்துக் குதித்துத் தோல் நைந்த இடத்தின் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கிற அதே வகைதான். கனத்த சேவலுக்குத்தான் இது அதிகம் வரும். வாசலுக்கு சிமெண்ட் போட்டு, கோழி அடைய மாடிப்படிக்கு அடியில் உயரமாகக் கம்பு கட்டிய வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் பலர் செய்கிற காரியம், ஊசியால் குத்திப் பிதுக்குவது. ஒன்றும் வராது. நமக்குச் சீழ் ஒழுகும், கோழிக்கு ஒழுகாது. நம் வெள்ளையணுக்களில் திசுவைக் கரைத்து நீர்க்க வைக்கிற நொதிகள் உண்டு. கோழியின் அணுக்களில் அவை குறைவு. அதனால் கோழியின் சீழ் உதிர்ந்த புட்டு மாதிரி கட்டியாகத்தான் இருக்கும். பிதுக்கினால் அது இன்னும் ஆழத்துக்குப் போய் எலும்பைத் தொட்டுவிடும். தொடக்கத்திலேயே கண்டால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, போவிடோன் அயோடின் வைத்துக் கட்டி, வைக்கோல் பரப்பிய இடத்தில் தனியாக விட்டால் போதும். வீக்கம் உருண்டை கட்டிவிட்டதென்றால் கால்நடை மருத்துவர் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வைத்தியம் பார்த்த பிறகு உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உள்ளங்கால் சுத்தமாக இருந்தால் மேலே போங்கள். இரண்டு கால்களையும் ஒருசேரத் தடவி, எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, எது கூடுதலாகச் சுடுகிறது என்று ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் சொல்ல முடியாது. கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல், நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் போலத்தான் தெரியும். இன்னொரு சேவலோடு மோதியிருந்தால் முள் குத்திய ஓட்டை இறகுக்குள் மறைந்திருக்கும். இறகை எதிர்த்திசையில் ஊதிப் பார்த்தால் தெரியும்.

காயமே இல்லை, ஆனாலும் கால் வரவில்லை என்றால்தான் விஷயம் சிக்கலாகிறது. 1907இல் புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் இப்படி நான்கு சேவல்களைப் பார்த்தார். காலும் இறக்கையும் விழுந்துவிட்டன. அறுத்துப் பார்த்தபோது நரம்புகள் தடித்திருந்தன. நரம்பு அழற்சி என்று எழுதிவைத்தார். அதற்குக் காரணம் ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ் என்பது 1967இல்தான் தெளிவானது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடக்கிற இளஞ்சேவலைப் பார்த்தால் முதலில் இந்த மாரெக் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். இறகுத் தூசியில் பரவும். வந்த பிறகு மருந்து இல்லை. பொரிப்பகத்துக் குஞ்சுக்கு முதல் நாளே ஊசி போட்டுவிடுவார்கள். வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கு யார் போடுகிறார்கள்?

மாரெக்குக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே கோழியின் காலில் இன்னொரு துப்பறியும் கதை நடந்திருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த படேவியா, இன்றைய ஜகார்த்தா. படைவீரர்களும் கைதிகளும் பெரிபெரி நோயில் கால் விளங்காமல் விழுந்துகொண்டிருந்தார்கள். ராணுவ மருத்துவமனையை ஒட்டிய சிறு ஆய்வகத்தில் கிறிஸ்டியான் எய்க்மான் அதற்கான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பயின்றவர். கிருமியைத் தேடாமல் வேறெதைத் தேடுவார்? கோழிகளுக்கு ஊசி போட்டார். 1889 ஜூலையில் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. ஆனால் ஊசி போடாத கோழிகளும் தள்ளாடின. தொற்றுதான் என்று எண்ணிச் சில கோழிகளைத் தள்ளி வைத்தார், தெளிவு கிடைக்கவில்லை. நவம்பர் கடைசியில் நோய் தானாகவே மறைந்தது. பிழைத்தவை எழுந்து நடந்தன, புதிதாக எதுவும் விழவில்லை.

வேறு யாராவது என்றால் போனது போகட்டும் என்று விட்டிருப்பார். எய்க்மான் தீவனத்தை விசாரித்தார். ஆய்வக ஊழியர் செலவை மிச்சம் பிடிக்க, ஜூன் மாதத்திலிருந்து மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். நவம்பரில் சமையல்காரர் மாறினார். ராணுவத்து அரிசியை ராணுவத்தில் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று புது ஆள் மறுத்துவிட்டார். அதனால் பழைய தீவனம் திரும்பியது, கோழிகள் பிழைத்தன. பெயர்கூடத் தெரியாத அந்தக் கறார் சமையல்காரருக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கிற கடன் பெரிது.

தீட்டிய அரிசி கொடுத்தால் கால் விழுகிறது, தவிடு கொடுத்தால் எழுகிறது என்று எய்க்மான் சோதித்து நிறுவினார். அரிசியின் மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு, அதற்கு முறிப்பு தவிட்டில் இருக்கிறது என்று அவர் கொடுத்த விளக்கம் மட்டும் தவறு. நஞ்சு இருப்பதால் அல்ல, ஏதோ ஒன்று இல்லாததால் வரும் நோய் என்று 1901இல் சொன்னவர், அவருக்குப் பின் அங்கே வந்த கெரிட் கிரைன்ஸ். அந்த ஒன்றைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம். 1929இல் நோபல் பரிசு எய்க்மானுக்குப் போனது. கிரைன்ஸுக்கு இல்லை. 1936இல் பி1ஐச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

இந்தக் கதையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். மலாயாவில் வேலை பார்த்த டாக்டர் பிராடன், சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் சாகும்போது தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது ஏன் அவ்வளவாக வரவில்லை என்று கவனித்து, 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

நம் சேவலுக்கு வருவோம். மேய விட்ட கோழிக்கு இந்தக் குறை வருவது அபூர்வம். குப்பையைக் கிளறிப் புழுவும் புல்லும் விதையும் தின்றுவிடும். அடுத்த வீட்டாரோடு சண்டை வந்து, சேவலைப் பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வைத்து, வாரக்கணக்கில் பச்சரிசிச் சோறு மட்டும் போட்டால் படேவியா திரும்பவும் நடக்கும். முதலில் தீனி இறங்காது, பிறகு கால் தள்ளாடும், முற்றினால் உட்கார்ந்தபடி தலையைப் பின்னுக்கு இழுத்து வானத்தைப் பார்க்கும். அந்த நிலையில் தவிட்டைத் தட்டில் வைத்துப் பயனில்லை, தின்னாது. மருத்துவரிடம் அளவு கேட்டு பி1 மருந்தை வாயில் புகட்ட வேண்டும். குறை அதுதான் என்றால் சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்கும். நம் பாட்டிமார் கஞ்சியில் தவிடு பிசைந்து வைத்ததைச் சிக்கனம் என்று நினைத்திருந்தோம்.

கழுத்து திருகினால் மட்டும் இந்தக் கணக்கில் நின்றுவிடாதீர்கள். கூடவே பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு, பக்கத்துக் கோழியும் தூங்கி விழுகிறது என்றால் அது ராணிக்கெட். அதற்கும் மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, ஊர் ஊராக அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

எந்த நோயானாலும், வீட்டில் மிஞ்சிய வலி மாத்திரையை உடைத்து ஊட்டாதீர்கள். பிணந்தின்னிக் கழுகினத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியதற்காக 2006இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபெனாக் கோழியின் சிறுநீரகத்துக்கும் ஆகாது. ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலாகவே இருந்தாலும், எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்ட பிறகுதான் அறுக்க வேண்டும். சேவல் இறந்துபோய், கொட்டிலில் இன்னும் கோழிகள் இருந்தால், இறந்ததை உடனே புதைக்க வேண்டாம். இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்து உறையவைத்துவிட்டால் திசுக்கள் சிதைந்துவிடும், அறுத்துப் பார்ப்பவருக்கு நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. என்ன தீனி போட்டீர்கள், எப்போதிலிருந்து, சமீபத்தில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு கொடுங்கள்.

(அடுத்த வாரம்: தீனிப்பை கல்லாகிப்போன கோழி)