போபோடியும் முளா ஆறும்

புனே நகரின் போபோடிப் பகுதியை ஒட்டி முளா ஆறு ஓடுகிறது. எதிர்க்கரையிலுள்ள தாபோடியின் அருகே பவனா ஆறு அதனுடன் கலக்கிறது. விநாயகர் சதுர்த்தி விழாவில் சிலைகளைக் கரைக்க மக்கள் புனேயின் ஆற்றங்கரைகளில் திரள்வர். நீர் மாசடையாதிருக்க, மாநகராட்சி இப்போது செயற்கைத் தொட்டிகளை அமைக்கிறது.

முளா, முட்டா ஆறுகளின் கரைகளைச் சுமார் 44 கிலோமீட்டர் தொலைவுக்குச் சீரமைக்கும் திட்டமும் நடைபெறுகிறது. நடைபாதையும் மிதிவண்டித் தடமும் மக்களுக்கு வேண்டியவையே. ஆயினும் அவற்றுக்காகக் கரையோர மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, 2023 ஏப்ரலில் புனே மக்கள் பேரணி நடத்தினர். 1970களில் இமயமலைச் சிற்றூர்ப் பெண்கள் மரங்களைத் தழுவிக் காத்த சிப்கோ இயக்கத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். கரையைக் குறுக்கினால் வெள்ளம் பெருகும் என்றும் அவர்கள் அஞ்சினர். அது வீண் அச்சமன்று. முள்ஷி, பவனா அணைகள் திறக்கப்படும் மழைநாள்களில் போபோடியின் தாழ்வான குடியிருப்புகளுள் ஆற்றுநீர் புகுவதுண்டு.