நீல விளக்கின் வேண்டுகோள்

தீயணைப்புப் படை என்றவுடன் செந்நிற வண்டியும், மணியோசையும், சீருடை அணிந்த அரசாங்கப் பணியாளரும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்குப் பழகிய காட்சி அதுவே. ஆயினும் உலகின் பல நாடுகளில் தீயை அணைக்க ஓடி வருவோரில் பெரும்பாலோர் இப்பணிக்கெனச் சம்பளம் பெறாத தொண்டர்கள். தச்சர், ஆசிரியர், கடைக்காரர், உழவர் எனப் பல தொழில் புரியும் அவர்கள், அழைப்பு வந்ததும் கைவேலையை அப்படியே விட்டுவிட்டுச் சொந்தக் காரில் ஏறி விரைகின்றனர். அந்தக் காரில் அவசர விளக்கைப் பொருத்தலாமா, பொருத்தினால் அதற்கு என்ன உரிமை உண்டு என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். சாலையில் செல்வோரின் உயிர் அதில் அடங்கியிருத்தலால், அதனைச் சற்று ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தொண்டு மிகப் பழமையானது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தம் நண்பர்களுடன் தொண்டர் தீயணைப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டில் தீயணைப்போர் ஏறத்தாழ பத்து இலட்சத்து நாற்பதாயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 65 பேர் தொண்டர்கள். சிற்றூர்களின் தீயணைப்பு நிலையங்களில் இரவு பகலாக எவரும் காத்திருப்பதில்லை. இடுப்பில் செருகிய சிறு கருவியோ கைப்பேசியோ ஒலித்த பின்னரே தொண்டர்கள் புறப்படுகின்றனர். சிலர் நிலையத்துக்குச் சென்று தண்ணீர் வண்டியை வெளியே கொணர வேண்டும். சிலர் நேரே தீப்பற்றிய இடத்துக்குச் செல்வர். போதிய ஆட்கள் வந்து சேரும்வரை பெரிய வண்டி நிலையத்தைவிட்டு நகர இயலாது. எனவே தொண்டரின் கார் வழியில் தடைப்பட்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும், தீ வளர்வதற்குக் கிடைக்கும் நிமிடமாகிறது. சொந்தக் காரில் விளக்கு வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இதனால்தான்.

இவ்விளக்கின் நிறம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் தீயணைப்புத் தொண்டருக்கு நீல விளக்கு. ஆம்புலன்ஸ் தொண்டருக்குப் பச்சை விளக்கு. ஃபுளோரிடா மாநிலத்தில் நீலம் காவல்துறைக்கு உரியதாதலின் தொண்டருக்குச் சிவப்பு விளக்கு அனுமதிக்கப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மின்னும் பச்சை விளக்கு. நியூயார்க்கில் விளக்கைப் பொருத்தத் தலைவரின் எழுத்துமூலமான அனுமதி தேவை. அவசர அழைப்பின்மேல் செல்லும்போது மட்டுமே அதனை எரிய விடலாம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். செந்நிறத் தீயணைப்பு வண்டிக்கு வழிவிடுதல் சட்டக் கட்டளை. நியூயார்க்கிலோ ஒன்டாரியோவிலோ தொண்டரின் சிறு விளக்குக்கு வழிவிடுதல் மரியாதை மட்டுமே. அவ்விளக்கு, "அவசரமாகச் செல்கிறேன், தயவுசெய்து ஒதுங்குங்கள்" என்று கேட்கும் வேண்டுகோள். முன்செல்பவர் ஒதுங்காவிட்டால் தொண்டர் பொறுமையுடன் பின்தொடரவே வேண்டும். சிவப்புச் சைகையில் நிற்பதும், வேக வரம்பைக் காப்பதும் ஏனையோரைப் போலவே அவருக்கும் கடமை.

இக்கட்டுப்பாடு ஏன் என்று கேட்பவருக்குக் கணக்கே விடை கூறும். ஐந்து கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றே முக்கால் நிமிடம் ஆகும். மிச்சமாவது ஒன்றேகால் நிமிடம். அதே சமயம், பிரேக்கை அழுத்தியபின் கார் ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகப் பெருகுகிறது. அந்த ஒன்றேகால் நிமிடத்தை விரும்பி ஒரு தெருமுனையில் மோதினால், தீயணைக்க ஓர் ஆள் குறைவதோடு, மீட்கப்பட வேண்டியவர் தொகையும் கூடிவிடும். அமெரிக்காவில் பணியின்போது உயிரிழக்கும் தீயணைப்பாளருள் சாலை விபத்தில் மடிவோர் கணிசமானவர். சொந்தக் காரில் விரைந்து மடிந்த தொண்டர்களும் அவர்களுள் உண்டு. விளக்கு எரிந்தவுடன் சாலை முழுவதும் தமக்கே உரியது என்ற மயக்கம் ஓட்டுபவரைப் பற்றிக்கொள்கிறது. முன்செல்பவரோ திடீரென மின்னும் ஒளியைக் கண்டு திகைத்து, நடுச்சாலையிலேயே நின்றுவிடுகிறார்.

காரில் எடுத்துச் செல்லும் கருவிகளும் எச்சரிக்கைக்கு உரியவை. வெப்பம் தாங்கும் பல அடுக்குக் கோட்டு, தலைக்கவசம், கையுறை, முழங்கால் வரையிலான காலணி ஆகியவற்றைத் தொண்டர் பின்பெட்டியில் வைத்திருப்பார். கட்டிவைக்காத கருவி திடீரென நிறுத்தும்போது எறிகல்லாக மாறும். தீயிலிருந்து திரும்பிய உடையில் புகைக்கரியும் நச்சுப்பொருளும் படிந்திருக்கும். தீயணைப்புத் தொழிலில் நேரும் இத்தகைய தொடர்பு புற்றுநோயை விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-இல் வகைப்படுத்தியது. ஆகவே அவ்வுடையை இறுக மூடிய பையில் இட்டு எடுத்துச் செல்வதே அறிவுடைமை. குழந்தைகள் அமரும் இருக்கையில் அதனைப் போடுவது தகாது.

ஜெர்மனி வேறு வழியைக் கையாளுகிறது. அங்கும் தீயணைப்போரில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்களே. எனினும் சாதாரணத் தொண்டரின் சொந்தக் காருக்கு நீல விளக்கு இல்லை. சிலர் கூரையின்மேல் அறிவிப்புப் பலகை ஒன்றைக் காந்தத்தால் பொருத்திக்கொள்வர். அப்பலகை மற்றவர்க்குச் செய்தி கூறுமேயன்றி, முந்திச் செல்லும் உரிமையை அளிப்பதில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தலைவர்களின் கார்களில் சுழன்ற சிவப்பு விளக்குகள் 2017-ஆம் ஆண்டு மே முதல் நாள் முதல் நீக்கப்பட்டன. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல்துறை போன்ற அவசரப் பணிகளுக்கே சுழல்விளக்கு உரியது என வரையறுக்கப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அத்தகைய அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விளக்கு பெருமைக்குரிய அணிகலனாகப் பலர் தலைமேல் ஏறினால், மெய்யான அவசரத்தின் விளக்கையும் மக்கள் நம்பாமல் போவர். விளக்கின் வலிமை மின்கலத்தில் இல்லை. அதைக் காண்பவரின் நம்பிக்கையில் இருக்கிறது.

எந்த ஊரில் வாழ்ந்தாலும், எந்த மொழி பேசுவோர் நடுவே வண்டி ஓட்டினாலும், நாம் செய்யத்தக்கது எளிதே. பின்னால் அவசர விளக்கைக் கண்டால் திகைக்காமல், சைகை காட்டி, வேகத்தைக் குறைத்து இடப்புறம் ஒதுங்குவோம். ஒரு வண்டி கடந்தவுடன் புறப்படாமல், அதன்பின் மற்றொன்று வருகிறதா எனப் பார்ப்போம். அவ்வண்டி உண்டாக்கிய இடைவெளியில் நம் வண்டியை நுழைக்காதிருப்போம். எங்கோ ஒரு வீட்டில் உதவிக்குக் காத்திருப்பவருக்கு நாம் செய்யும் தொண்டு அதுவே.