கையில் ஆறாத புண்ணா? அலட்சியம் வேண்டாம்



புற்றுநோய் என்றதும் வாய், மார்பகம், கருப்பை, வயிறு என்றுதான் நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோம். தோலிலும் புற்றுநோய் வரும். விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும்கூட வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. இது அபூர்வம்தான். அபூர்வம் என்பதாலேயே நகச்சுற்று என்றும், மரு என்றும், சர்க்கரைப் புண் என்றும் நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறோம். ஆபத்து அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

இது என்ன நோய்?

நம் மேல்தோலின் அடிவரிசையில் உள்ள செல்களுக்கு பேசல் செல்கள் என்று பெயர். புதிய தோல் அங்கிருந்துதான் உருவாகிறது. அந்தச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது பேசல் செல் கார்சினோமா, அதாவது அடித்தள செல் புற்றுநோய். டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827இல் இதைப் பற்றி எழுதினார். தோல் புற்றுநோய்களில் இதுவே அதிகம் காணப்படுவது. வெள்ளை நிறத்தவர்களை ஒப்பிட்டால் நமக்கு மிகக் குறைவு. ஆனாலும் இல்லாமல் இல்லை.

இது பெரும்பாலும் வெயில் படும் முகத்திலும் கழுத்திலும் வருகிறது. முடி வேர்ப் பகுதியோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பது மருத்துவர்கள் கருத்து. உள்ளங்கையில் முடி வேர்கள் இல்லை. அங்கே இது அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஆர்செனிக் என்னும் நச்சு கலந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் இந்தப் பாதிப்பு ஏற்பட்டது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பான சிறு முடிச்சுகள் தோன்றுவது அதன் அடையாளம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாஷாணம் சேர்ந்த மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையின்றி நீண்ட காலம் சாப்பிடுவதும் நல்லதல்ல.

முன்பு கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற இடம், பழைய தீக்காயத் தழும்பு, சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவோர் ஆகியோரிடமும் கவனம் தேவை. கோர்லின் நோய் என்ற பரம்பரைக் குறைபாட்டில் உள்ளங்கையில் சிறுசிறு குழிகள் இருக்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

• நான்கு வாரமாகியும் ஆறாத புண். அல்லது ஆறி, மீண்டும் உடையும் புண்.
• பளபளப்பான சிறு கட்டி. நம் தோலில் இது பெரும்பாலும் கறுப்பாகத் தெரிவதால் மச்சம் என்று தோன்றும்.
• லேசாகப் பட்டாலே இரத்தம் கசிந்து, பொருக்குத் தட்டும் இடம்.
• மருந்துக்குக் கட்டுப்படாமல் ஒரே விரலில் நீடிக்கும் நகச்சுற்று, நகம் பெயர்தல்.

வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். தொடக்கத்தில் இது பெரும்பாலும் வலிக்காது. நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடோ, உள்ளங்கையில் பரவும் கறுப்புத் திட்டோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது மெலனோமா என்ற கொடிய வகையாக இருக்கலாம்.

"கத்தி பட்டால் பரவும்" என்பது உண்மையா?

இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டுத் தோலை எடுத்துப் பரிசோதிப்பதுதான் பயாப்ஸி. அதனால் நோய் பரவாது. அது இல்லாமல் நோயை உறுதி செய்யவும் முடியாது. இந்தப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிகமிக அரிது. முன்கூட்டியே கண்டால் சிறு அறுவையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். விட்டுவிட்டால் தசைநாரையும் எலும்பையும் அரித்து, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

ஒளுவின்போது பாருங்கள்

நாம் தினமும் ஐந்து வேளை ஒளு செய்கிறோம். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவும்போது கண்ணாலும் ஒருமுறை பாருங்கள். நகத்தில் மருதாணி இடும் பெண்கள், அதற்கு முன் நகங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். கையில் கட்டுப் போட்டால் ஒளு எப்படிச் செய்வது என்று தயங்கி அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். காயம்பட்டவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகத் தயங்கும் முதியவர்கள், பெண்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொன்னால், உடன் வர ஆள் ஏற்பாடு செய்கிறோம்.

நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இன்றே உங்கள் கைகளையும், வீட்டிலுள்ள பெரியவர்களின் கைகளையும் ஒருமுறை பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.