பழைய டிராக்டர் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்காதீங்க, மொத்தச் செலவைப் பாருங்க



நம்ம சேனல்ல பைக் லோன், கார் லோன் பற்றி நிறைய கேள்வி வரும். போன வாரம் வந்த கேள்வி புதுசு. இங்கிலாந்துல ஐ.டி. வேலை பார்க்கிற நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார்: "சார், இங்க டிராக்டர் ரன்ல சேரணும். ஓடுற ஃபெர்குசன் 3,000 பவுண்டு. ஓடாத ஃபோர்ட்சன் மேஜர் 1,200 பவுண்டுதான். எதை வாங்கலாம்? கையில 9,000 பவுண்டு சேமிப்பு இருக்கு. 4 மாசத்துல குழந்தை பிறக்கப் போகுது."

கடைசி வரியை அவர் போற போக்குல சொன்னார். பதிலே அதுலதான் இருக்கு. அதுக்குக் கடைசில வர்றேன்.

டிராக்டர் ரன் என்றால்?

ஞாயிற்றுக்கிழமை பழைய டிராக்டர்கள் வரிசையா கிராமச் சாலைகள்ல ஊர்வலம் மாதிரி போகும். பல ரன்கள் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி சேர்க்க நடக்கும். யாரும் வேகம் போக மாட்டாங்க. அதனால "எதுக்கு பவர் அதிகம்" என்பது கேள்வியே இல்லை. காலையில ஸ்டார்ட் ஆகணும், சாயந்திரம் வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்.

களத்துல இருக்கிற மூணு வண்டி

*ஃபெர்குசன் டிஇ20:* 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரத்துல தயாரானது. 5 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. சாம்பல் நிறம். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில தென் துருவத்துக்கு ஓட்டிப் போனது இந்த வகை டிராக்டரைத்தான். எடை சுமார் 1.1 டன். வாங்கும்போது சீரியல் நம்பரோட முன்னெழுத்தைப் பாருங்க. டிஇஏ என்றால் பெட்ரோல். டிஇடி என்றால் டிவிஓ எரிபொருள்ல ஓடுறது. அந்த எரிபொருள் இன்னைக்கு எந்த பங்க்லயும் கிடைக்காது, ஏதாவது கலந்துதான் ஓட்டணும். டிஇஎஃப் என்றால் டீசல். முதல் டிராக்டருக்கு பெட்ரோல்தான் தலைவலி குறைவு.

*மாஸி ஃபெர்குசன் 35:* இதன் வாரிசுகளை நம்ம ஊர் வயல்ல பார்த்திருப்பீங்க. 1960-ல் தொடங்கின சென்னை டாஃபே நிறுவனம் செய்யுற சிவப்பு மாஸி டிராக்டர் இதே குடும்பம்தான். ஆரம்பத்துல வந்த 4 சிலிண்டர் டீசல், குளிர்ல ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பிறகு வந்த 3 சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜினுக்குத்தான் கிராக்கி. அதனால விலையும் ஏறும்.

*ஃபோர்ட்சன் மேஜர்:* 1952-ல் வந்த புது மேஜர், டேகன்ஹாம் தொழிற்சாலையில செஞ்சது. நல்ல டீசல் இன்ஜின், உழைப்பாளி. ஆனா எடை இரண்டு டன்னுக்கு மேல. டிரெய்லர்ல ஏத்தி வேற ஊர் ரன்னுக்குப் போகணும்னா பெரிய பிக்கப் வேணும், இல்லைன்னா வாடகை வண்டி. ஃபெர்குசனை ஏத்திப் போறது இதைவிட ரொம்ப எளிது.

இப்ப கணக்கு

எண்கள் புரியறதுக்காக நான் போட்ட உதாரணம். உங்க ஊர் விலையை வெச்சு மாத்திக்கோங்க. காலம் 18 மாசம்.

ஓடுற ஃபெர்குசன்:
- விலை 3,000
- ஷெட் வாடகை மாசம் 40 வீதம் 720
- இன்ஷூரன்ஸ் 120
- ஆயில், சின்ன ரிப்பேர் 360
- மொத்தம் 4,200. பிறகு 2,800-க்கு வித்தா நிகரச் செலவு 1,400 பவுண்டு.

ஓடாத மேஜர்:
- விலை 1,200
- இன்ஜின் வேலை 1,500
- பின் டயர் ஜோடி 700
- பிரேக், ஹைட்ராலிக் 600
- ஏத்தி இறக்க 250
- ஷெட் வாடகை 720
- மொத்தம் 4,970. பிறகு 3,000-க்கு வித்தா நிகரச் செலவு 1,970 பவுண்டு.

"மலிவான" வண்டிக்கு 570 பவுண்டு கூடுதல். அதுவும் 18 மாசமும் ஷெட்ல நின்னு, ஒரு ரன்கூட போகாம!

இது எனக்குப் பட்டுத் தெரிஞ்ச பாடம். ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்ச புதுசுல 18,000 ரூபாய்க்கு ஒரு பழைய யெஸ்டி வாங்கினேன். "பத்தாயிரம் போட்டா பறக்கும்"னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். இரண்டு வருஷம் அவர் கடை வாசல்லயே நின்னது. மொத்தம் 47,000 போச்சு, 30,000-க்கு வித்தேன். நண்பர்களோட ஏற்காடு போகத்தான் வாங்கினேன். அவங்க போனாங்க, நான் போகலை.

ரிப்பேர் வேலையே உங்க பொழுதுபோக்குன்னா கதை வேற. சொந்த ஷெட், டூல்ஸ், கத்துக் கொடுக்க ஆள் மூணும் இருந்தா மேஜரை தாராளமா வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

1. ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர். வயலை விட்டு வெளியே வராத டிராக்டர் பலதுக்கு பேப்பரே இருக்காது. பேப்பர் இல்லாத வண்டியை விக்கும்போது விலை குறையும்.
2. சாலை வரி கிடையாது. 40 வருஷம் தாண்டின வண்டிக்கு அங்கே விலக்கு உண்டு. ஆனாலும் ரிஜிஸ்டர் பண்ணணும். இன்ஷூரன்ஸும் கட்டாயம். பிரிட்டிஷ் முழு கார் லைசென்ஸ்லயே டிராக்டர் ஓட்டலாம்.
3. எரிபொருளை பங்க் விலையிலேயே கணக்கு போடுங்க. விவசாயத்துக்கான சலுகை டீசலை நம்பி பட்ஜெட் போடாதீங்க.
4. லாபத்துல வித்தா? பிரிட்டன்ல இயந்திரங்கள் தேயும் சொத்துக் கணக்குல வர்றதால, சொந்த உபயோக டிராக்டருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நம்ம ஊர்லயும் சொந்த உபயோக பைக், கார் இதே மாதிரிதான். ஆனா நஷ்டம் வந்தா அதையும் கழிக்க முடியாது. அதனால இதை "முதலீடு"ன்னு வீட்ல சொல்லாதீங்க. இது செலவு. சந்தோஷமான செலவு.

தம்பிக்கு என் பதில்

உங்க மாசச் செலவு 1,800 பவுண்டுன்னு எழுதியிருந்தீங்க. சாதாரணமா 3 மாச எமர்ஜென்சி ஃபண்ட், அதாவது 5,400 போதும்னு சொல்லியிருப்பேன். ஆனா குழந்தை வருது. மனைவி லீவ்ல இருக்கும்போது அவங்க சம்பளம் குறையும். அதனால 6 மாசத்துக்கு, 10,800 வேணும். கையில இருக்கிறது 9,000. டிராக்டருக்குன்னு உங்ககிட்ட இப்ப பணம் இல்லை. லோன் போட்டு வாங்கறது அதைவிடத் தப்பு.

அதனால ஃபெர்குசனா மேஜரா என்றால், ஃபெர்குசன். இந்த வருஷமா என்றால், இல்லை. முதல்ல 1,800 பவுண்டு பள்ளத்தை நிரப்புங்க. பிறகு தனிக் கணக்குல மாசம் 250 போடுங்க. 12 மாசத்துல 3,000 ஆகிடும். அதுவரை ரன் நடத்துறவங்ககிட்ட போய் வழி காட்ட, டீ கொடுக்க ஆள் வேணுமான்னு கேளுங்க. எந்த வண்டி எங்க மக்கர் பண்ணுதுன்னு செலவில்லாம கத்துக்கலாம்.

இன்னொன்னு: ஃபெர்குசன்ல ஒரே சீட்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீங்க மட்டும் வெளியே போறதுக்கு வீட்ல சம்மதமான்னு முதல்ல கேளுங்க. அதுக்கு எக்செல் ஷீட் உதவாது தம்பி!

நம்ம ஊர்ல பழைய புல்லட், ஆர்எக்ஸ்100 தேடுறவங்களுக்கும் இதே கணக்குதான். வாங்கற விலையோட ரிப்பேர், வாடகை, காத்திருப்பு எல்லாத்தையும் கூட்டி, விக்கிற விலையைக் கழிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் டோக்கன் அட்வான்ஸ் கொடுங்க.