பெயரில்லாத வேலைக்கு ஒரு பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதை எம் வீடுகளில் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. கருத்துப் பார்ப்பார்கள். வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் திரித்துக் கேலி செய்வார்களோ என்றும் யோசிப்பார்கள். ஆனால் ஒரு சிறு தொழிலுக்குப் பெயர் வைக்கும்போது, படிவத்தை நிரப்பும் நேரத்தில் வாயில் வருவதை எழுதிவிட்டு வருபவர்களே அதிகம். அந்தப் பெயரும் பிள்ளையின் பெயரைப் போலவே பல வருடம் கூட வரப்போகிறது.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எனது உம்மாவும், பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வசிக்கும் இரண்டு அக்காமாரும் சேர்ந்து, வீடுகளையும் விடுதிகளையும் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில் ஒன்றை ஆரம்பிக்க இருக்கிறார்கள். நான் உயர்தரத்தில் வணிகக் கல்வி படிப்பதால் பெயர் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேடியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறேன். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் தையல் வேலையோ, சிற்றுண்டிக் கடையோ, மாலை வகுப்போ ஆரம்பித்தால் இதே வழி அங்கும் உதவும்.

பெயர் எதற்கு?

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் வசந்த காலம். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். இந்த மாதங்களில் விடுதிகளில் வேலைக்குக் கைகள் போதாது. அறை கூட்ட, மலசலகூடம் கழுவ, கட்டில் விரிப்பு மாற்ற என்று பெண்கள் நாட்கூலிக்குப் போவார்கள். உம்மாவும் அப்படிப் போனவர்தான். வேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர்களைக் குறிப்பிட ஒரு பெயர் இருக்கவில்லை. "அந்த கிளீன் பண்ணுற பொம்பளையள்" என்பதுதான் பெயர்.

ஒருமுறை ஒரு விடுதிக்காரர் தன் நண்பருக்கு இவர்களைச் சிபாரிசு செய்திருக்கிறார். நண்பரும் ஊருக்கு வந்து தேடியிருக்கிறார். என்ன பெயர் சொல்லித் தேடுவது? பஸ் தரிப்பிடத்தில் கேட்டாராம், கடையில் கேட்டாராம். கடைசியில் அந்த வேலை வேறு யாருக்கோ போனது. ஒரு பருவம் முழுவதற்குமான வேலை அது. அந்த முறை எனது வகுப்புக் கட்டணம் இரண்டு மாதம் பிந்தியது. நல்ல வேலை செய்தால் போதும், பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சவர்க்காரத்தின் வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பலசரக்குக் கடைக்காரர் நீண்ட சவர்க்காரக் கட்டியை வெட்டி நிறுத்துக் கொடுப்பார். அதில் பெயர் கிடையாது. நன்றாக நுரைத்தாலும் அதையே மறுபடி கேட்டு வாங்க வழியில்லை. கெட்டுப்போனாலும் யாரைக் கேட்பதென்று தெரியாது. வில்லியம் லீவர் என்ற வியாபாரி இதை மாற்ற நினைத்து, 1884இல் லிவர்பூலில் வர்த்தகக் குறி முகவர் ஒருவரிடம் போனார். அவர் ஒரு தாளில் சில பெயர்களை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று 'சன்லைட்', அதாவது சூரிய வெளிச்சம். லீவருக்கு அந்தப் பெயர்களில் எதுவும் முதலில் பிடிக்கவில்லை. சில நாள் யோசித்த பிறகுதான் அதுவே சரியான பெயர் என்று பட்டது. 1938இல் லீவர் கம்பனி இலங்கைக்கும் வந்தது. இன்று எமது பீலிக்கரைகளில் சன்லைட் என்று சொன்னால் விளக்கம் கேட்பார் இல்லை. உடுப்புத் துவைத்துக் காயப்போடும் எவருக்கும் வெயிலின் அருமை தெரியும். மழையும் பனியும் நிறைந்த எமது ஊரில் இன்னும் நன்றாகவே தெரியும்.

பெயர் இருந்தால் மறுபடியும் கேட்டு வரலாம். குறை இருந்தால் பெயர் சொல்லித் திட்டவும் செய்யலாம். இந்த இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்பவரே பெயர் வைக்கத் தகுந்தவர்.

மற்றவர்கள் எப்படி வைத்தார்கள்?

எமது நாட்டிலேயே ஒரு பெண்ணின் உதாரணம் இருக்கிறது. பார்சி சமூகத்தைச் சேர்ந்த அபான் பெஸ்டன்ஜி 1968இல் மின்சாதன வியாபாரத்தை ஆரம்பித்து, தன் முதற்பெயரையே வைத்து 'அபான்ஸ்' என்றார். பிற்காலத்தில் அந்தக் குழுமம் துப்புரவுச் சேவையிலும் இறங்கி, கொழும்பு வீதிகளைக் கூட்டும் பணியையும் எடுத்துச் செய்தது. ஒரு பெண்ணின் பெயர் கடைப் பலகையிலும் இருந்தது, குப்பை அள்ளும் வண்டியிலும் இருந்தது. அதனால் அந்தப் பெயரின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

தன் பெயரை முழுதாகப் போட விரும்பாதவர்களும் உண்டு. வீட்டுப் பெண்ணின் பெயர் வீதியில் எழுதப்படுவதை எம்மவரில் சிலர் விரும்பமாட்டார்கள். அவர்களுக்குத் தேயிலைக் கம்பனிகள் வழி காட்டியிருக்கின்றன. 'டில்மா' என்பது மெரில் பெர்னாண்டோவின் இரு மகன்மாரான டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்தது. 'மிளெஸ்னா' என்பது அதன் நிறுவனர் அன்ஸ்லம் பெரேராவின் பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதியது. மலசலகூடம் கழுவும் 'ஹார்பிக்'கூட ஹரி பிக்கப் என்பவரின் பெயரைச் சுருக்கியதுதான்.

மூன்று பெண்களின் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தை எடுத்து நானும் சேர்த்துப் பார்த்தேன். வந்த சொல் காய்ச்சல் மருந்தின் பெயரைப் போல இருந்தது. அதோடு ஒருவர் விலகினால் எழுத்தையும் கழற்ற வேண்டி வரும். அந்த வழியை விட்டுவிட்டோம்.

நாங்கள் வைத்த பரீட்சைகள்

முதலாவது, தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் புரிய வேண்டும். எமது ஊரில் வேலை பெரும்பாலும் வாய்வழியாகவே வருகிறது. இரண்டு தரம் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய பெயர் வழியிலேயே தொலைந்துவிடும்.

இரண்டாவது, மூன்று மொழிகளிலும் நிற்க வேண்டும். விடுதி முதலாளி சிங்களவராக இருப்பார், தங்க வருபவர் வெளிநாட்டவராக இருப்பார், வேலை செய்பவர் தமிழ் பேசுபவர். 'தஹாரா' என்ற அறபுச் சொல்லை நான் முன்வைத்தேன். தூய்மை என்று பொருள். உம்மாவுக்குப் பிடித்தது. அக்காமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்களுக்கே விளங்காத பெயரில் அவர்கள் எப்படிப் பங்காளிகளாக இருப்பது? 'சுத்தம்' என்று வைத்தால் சிங்களவருக்கும் ஓரளவு புரியும். ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது நான்கு பேர் நான்கு விதமாக எழுதினார்கள். 'டி' ஒன்றா இரண்டா, 'எச்' வருமா வராதா என்று வாக்குவாதம். அப்படியானால் கைபேசியில் தேடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்த இரண்டு பரீட்சைகளுக்கும் மலையகத்திலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. துரைமார் எடின்பரோ, ஹோலிரூட், டன்சினன் என்று தம் நாட்டு இடப்பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள். காகிதத்தில் அவை நிலைத்தாலும், பல தோட்டங்களுக்குத் தொழிலாளர் தம் வாய்க்கு வந்த தமிழ்ப் பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள். மலை அடிவாரத்து நல்லதண்ணியைப் பாருங்கள். இரண்டு எளிய தமிழ்ச் சொற்கள். சிங்களவரும் அதையே 'நல்லதண்ணிய' என்கிறார்கள். களைத்து வருபவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, பெயர் எம்மைக் கட்டிப்போடக் கூடாது. 'ஹற்றன் கிளீனிங் சேர்விஸ்' என்று வைத்தால் ஹற்றனில் நல்லது. நுவரெலியாக்காரர் தூரத்து ஆட்கள் என்று எண்ணிவிடலாம். ஹற்றன் என்ற பெயரையே ஹட்டன், ஹற்றன், அட்டன் என்று மூன்று விதமாக எழுதுகிறோம் என்பது வேறு விஷயம்.

நான்காவது, புனிதமான பெயர்கள் வேண்டாம். கடைகளுக்கு மக்கா, மதீனா என்று பெயர் வைப்பது எம்மிடையே வழக்கம். ஆனால் இந்தத் தொழிலில் பெயர் வாளியில் ஒட்டப்படும், குப்பைப் பையில் அச்சாகும், பற்றுச்சீட்டு கசங்கித் தரையில் விழும். உம்மாவே இதைச் சொன்னார். அக்காமாரும் தமது சாமிப் பெயர்களைப் பற்றி அதையே சொன்னார்கள்.

ஐந்தாவது, வேலையைத் தாழ்த்தாத சொல்லாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற சொல்லை மாற்றி 'தூய்மைப் பணியாளர்' என்று அழைக்க அரசு அறிவித்தது. அது நல்ல மாற்றம். ஆனாலும் 2025இல் சென்னையில் அதே தூய்மைப் பணியாளர்கள் தம் வேலைக்காகவும் ஊதியத்துக்காகவும் வீதியில் இருந்து போராட வேண்டி வந்தது. சொல் மரியாதையைத் தொடக்கி வைக்கும். மிச்சம் கூலியிலும் நடத்தையிலும் இருக்கிறது. ஆகவே பெயரோடு சேர்த்து, ஓர் அறைக்கு இவ்வளவு, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலும் எழுதிவிட்டோம்.

இவ்வளவும் கழித்த பிறகு தாளில் மிஞ்சியது 'பளிச்'. சின்னப் பிள்ளைக்கும் புரியும் தமிழ். சிங்களவருக்கும் வெள்ளைக்காரருக்கும் 'பொலிஷ்' போலக் கேட்கிறது. அதுவும் எமக்கு நன்மைதான். ஓர் அக்கா மட்டும் தயங்கினார். "பழைய பங்களாப் பலகைத் தரை ஒருநாளில் பளிச்சென்று ஆகாது தங்கச்சி, பேரைக் காட்டிச் சண்டைக்கு வருவாங்க" என்றார். நியாயமான பேச்சு. அதனால் பெயருக்குக் கீழே, என்னென்ன செய்வோம் என்பதை மூன்றே வரியில் எழுத முடிவு செய்தோம்: கூட்டித் துடைத்தல், மலசலகூடம் கழுவுதல், விரிப்பு மாற்றுதல். 'முதற்தரம்', 'நூறு வீதம்' போன்ற சொற்களைச் சேர்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் வியாபாரப் பெயர்களைப் பதியும் முறை 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. இன்று தனிவியாபாரத்தையும் பங்குடமையையும் பிரதேச செயலகத்திலேயே பதியலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வியாபாரத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியும். பெரிய விடுதிகள் காசோலை தருவதும் அந்தப் பெயருக்குத்தான்.

இதில் மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வியாபாரப் பெயரைப் பதிவதால் அந்தப் பெயர் நாடு முழுவதும் எமக்கே சொந்தமாகிவிடாது. அப்படிக் காக்க வேண்டுமானால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். அது 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். கம்பனி என்பது வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி கூட்டிணைக்காமல் பெயரின் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட முடியாது. அழகுக்காக அதைச் சேர்ப்பவர்கள் வீண் சிக்கலை விலைக்கு வாங்குகிறார்கள்.

பங்குடமையில் இன்னொன்றும் உண்டு. மூலதனம் 1000 ரூபாவுக்கு மேற்பட்டால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டம் சொல்கிறது. அதில், ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதினால் மனக்கசப்பு வராது.

படிவத்தில் வியாபார முகவரி கேட்பார்கள். லயத்தில் வசிப்பவர்களுக்கு இது பெரிய தடை. பல லயங்களில் வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது, கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கே வரும். எங்கள் மூவரில் உம்மாவுக்கு மட்டும் நகரில் வாடகை வீடு இருப்பதால் அந்த முகவரியைக் கொடுக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் முதலில் கிராம அலுவலரைச் சந்தித்துக் கேட்பது நல்லது.

பெயர் தேடுகிற தோழியருக்கு என் ஆலோசனை சுருக்கமானது. பத்துப் பெயர் எழுதுங்கள். மூன்று மொழி பேசும் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டாமல் வாயால் சொல்லுங்கள். மறுநாள் எதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு லீவர் செய்ததைப் போலச் சில நாள் பொறுத்திருங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: எந்த வேலைக்கு என்று பார்த்துப் பெயர் வைக்கத் தயங்காதீர்கள்.

வியாபாரப் பெயருக்குக் கீழே உரிமையாளர்கள் என்று ஓர் இடம் படிவத்தில் இருக்கிறது. அங்கே மூன்று பெண்களின் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி முழுதாக எழுத வேண்டும். சம்பளப் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் எழுதப்பட்ட பெயர்கள்தான். உரிமையாளர் என்ற சொல்லுக்கு நேராக அவை எழுதப்படுவது இதுவே முதல் தடவை.