காந்தத்துக்குள் ஒரு ஹெட்கிளார்க்

மின்சார ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறவரா நீங்கள்? பெரும்பாலான மாடல்களில் மோட்டாருக்குள் சில காந்தத் துண்டுகள் இருக்கும். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த ஜாதி. ஜப்பானில் மஸாட்டோ ஸகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்து 1983-ல் அறிவித்தார்கள். அப்போதெல்லாம் சமையல் முறைதான். இதைக் கொஞ்சம் போடு, அதைக் குறை, சுட்டுப் பார்.

இப்போது அடுப்பில்லாமலே சமைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். "என்ன ஸார் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"காந்தம் பண்றேன். அணு அணுவா."

இந்தக் காந்தத்தின் அடிப்படைக் கட்டத்தில் 68 அணுக்கள். இரும்பு 56, நியோடிமியம் 8, போரான் 4. இரும்புதான் உழைக்கிற க்ளார்க்குகள். காந்த சக்தியில் பெரும்பங்கு அவர்களுடையது. எல்லோரையும் ஒரே திசை பார்த்து உட்கார வைக்கும் ஹெட்கிளார்க், நியோடிமியம். போரான், மேஜை நாற்காலி.

எலெக்ட்ரான்களை எண்ணினால் 1956. ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண். ஆகமொத்தம் 5868. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தே பத்துப் புள்ளி வைத்தால்கூட, எழுத வேண்டிய விடைகள் 1-க்குப் பின்னால் 5868 சைபர். பிரபஞ்சத்தின் அணுக்களுக்கே சுமார் 80 சைபர்தான்!

இதிலிருந்து காப்பாற்றியவர் வால்டர் கோன். 1939-ல், பதினாறு வயதில் வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பியவர். பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். தனித்தனி எலெக்ட்ரானைத் துரத்தாதே, எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும் என்று 1964-ல் ஹோஹன்பெர்குடன் சேர்ந்து நிரூபித்தார். 5868 எண்ணுக்குப் பதில் மூன்றே மூன்று. 1998-ல் நோபல் பரிசு. பௌதிகக்காரருக்குக் கெமிஸ்ட்ரியில்!

கணக்கு பலிக்குமா? 1989-ல் பெர்க்லியில் மார்வின் கோஹனும் ஏமி லியுவும் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு பொருள் வைரத்தோடு போட்டி போடும் என்று கணக்கில் காட்டினார்கள். பலர் முயன்றார்கள், உருப்படியாக வரவில்லை. கடைசியில் 2023-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், காற்றழுத்தத்தைப் போல் ஏழு லட்சம் மடங்குக்கு மேல் அமுக்கி, 1500 டிகிரிக்கு மேல் சுட்டு, செய்தே காட்டினார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம். கணக்குக்கும் கைக்கும் நடுவே 34 வருஷம்.

காந்தத்துக்கு அவ்வளவு பொறுக்க முடியாது. மோட்டார் சூடு நூறு டிகிரியைத் தாண்டினால் ஹெட்கிளார்க் தூங்கி வழிகிறார். தட்டியெழுப்ப டிஸ்ப்ரோசியம் என்ற அஸிஸ்டெண்ட் வேண்டும். அவர் இருப்பது பெரும்பாலும் சீனாவில். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் ஊர் ஸ்கூட்டர், கார் கம்பெனிகளுக்கு வியர்த்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நியோடிமியம் இருக்கிறது. டிஸ்ப்ரோசியம் எடுக்கிற அளவுக்கு இல்லை.

அதனால்தான் பேராசிரியர் அணுக்களை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். டிஸ்ப்ரோசியத்தைக் காந்தம் முழுக்கக் கலக்காமல், உள்ளேயிருக்கும் நுண்ணிய மணிகளின் ஓரத்தில் மட்டும் தடவினால்? மலிவான சீரியத்தைக் கொஞ்சம் சேர்த்தால்?

"கம்ப்யூட்டர் சொல்றது அப்படியே வருமா ஸார்?"

"எங்க வருது! எதிர்ப்பைத் தாங்குற சக்தி, கணக்குல வர்றதுல பாதிகூட நிஜத்துல தேறாது. மணிக்கு மணி நடுவுல இருக்கிற அழுக்கு, கோணல் எல்லாம் 68 அணுவுக்குள்ள அடங்குமா?"

அந்த மீதிப் பாதியில்தான் வேலை காலி இருக்கிறது. பௌதிகம் படித்துவிட்டு பாங்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன் வாங்கக் கிளம்பியவர்கள், ஒரு நிமிஷம் நின்று யோசிக்கலாம்.